யானை இல்லாத யானைத்தீவு

ஏப்ரல் மாதம் பிறந்து ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டால், மும்பைவாழ் தமிழருடைய வீடுகள் யாவும் சத்திரங்களாக மாறிவிடுவது நாம் அறிந்ததே. கருப்பட்டிச் சிப்பம், முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி சகிதமாக உறவினர் வந்து இறங்குவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஏற்கெனவே ஐவர் உறங்கும் இடத்திலே, மேலும் நால்வருக்கு இடம் உண்டாகும். அது எவ்வாறு உண்டாகிறது என்பது கணித சாஸ்திரத்துக்கு அப்பாற்பட்ட காரியம். மறுநாள் காலையில் காப்பி ஆறுவதற்கு முன்னரே கேள்வி எழும்: "சரி, இங்க பார்க்கிறதுக்கு என்னவெல்லாம் இருக்கு?"

இக்கேள்விக்கு வீட்டுக்காரர் விழிப்பதைப் பார்க்க வேண்டுமே! முப்பது ஆண்டுகள் இந்நகரில் பிழைத்தவர். ஆனால் அவர் அறிந்தது வீடு, வேலைத்தலம், ஆராதனைக் கூடம், இம்மூன்றுக்கும் இடையே ஓடும் மின்சார ரயில், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்வு கிடைத்தாலும், அன்றைக்குத்தான் தண்டவாளப் பராமரிப்புக்கென்று 'மெகா பிளாக்' வைத்து வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள். ஆராதனைக்கே பாதிச் சபை மூச்சிரைக்க வந்து சேரும்போது, ஊர் சுற்றிப் பார்ப்பது எங்கே! உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். உள்ளூர்க் காட்சிகளும் அவ்வாறே. விருந்தாளி வந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து நான் இந்நகருக்கு வந்தது 1995ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் பம்பாய், மும்பை என்று பெயர் மாற்றப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அன்று முதல் ஆண்டுதோறும் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நகரைச் சுற்றி வருகிறேன். இத்தனை ஆண்டு வழிகாட்டிப் பணியில் நான் கண்டுகொண்ட விசேஷம் ஒன்று உண்டு. இந்நகரில் ஓர் இடத்தின் பெயரை நம்பிப் போனால், பெயரில் உள்ள பொருள் அங்கே இராது!

நகரமே அப்படித்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'ஏழு தீவுகளின் நகரம்' என்று படித்திருப்போம். 1661இல் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மணமுடிக்க ஒப்பந்தம் செய்தபோது, வரதட்சணையில் ஒன்றாக இத்தீவு கொடுக்கப்பட்டது. மன்னருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டுவிட்டார். அந்தத் தொகைக்கு இன்று மும்பையில் ஒரு வாசற்படியைக்கூட வாடகைக்குப் பிடிக்க இயலாது. பின்னர் வந்தவர்கள் குன்றுகளைக் குடைந்தும் மண்ணைக் கொட்டியும் கடலைத் தூர்த்து, தீவுகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டனர். ஆகவே ஏழு தீவுகளைக் காட்டும்படி விருந்தாளி கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவர் நின்றுகொண்டு கேட்கும் இடமே ஒருகாலத்தில் கடலாக இருந்திருக்கக்கூடும்.

முதலாவது அழைத்துச் செல்லவேண்டிய இடம் 'கேட்வே ஆஃப் இந்தியா'. இதைப் பாராமல் ஊர் திரும்பினால், பம்பாய் போய்வந்ததை ஊரார் நம்பமாட்டார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் இத்துறையில் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்ட வாசல் இது. ஜார்ஜ் விட்டெட் என்பவர் வரைந்த அமைப்பு. மஞ்சள் நிறம் கலந்த எரிமலைப் பாறைக் கற்களால் கட்டப்பட்டது. உயரம் 26 மீட்டர். எல்லாம் சரியே. ஆனால் கட்டிமுடித்துத் திறந்தது 1924 டிசம்பரில்! மன்னர் வந்திறங்கியபோது அங்கே இருந்தது அட்டையால் செய்த மாதிரி வடிவம் மாத்திரமே என்பார்கள். இதை நான் விளக்கிச் சொன்னபோது, நாசரேத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பா சற்றுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையும் பொண்ணும் மறுவீடு போன பிறகு பந்தக்கால் நட்ட கதையால்லா இருக்கு!" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று ஆசிரியரும் சொல்லியிருக்க முடியாது. வரவேற்கக் கட்டிய வாசல் வழியனுப்பவே பயன்பட்டது. இந்தியாவைவிட்டுச் சென்ற கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு 1948 பிப்ரவரி 28ஆம் தேதி இவ்வாசல் வழியாகவே நடந்து கப்பலேறியது.

எதிரே 1903 முதல் நிற்கும் தாஜ் ஓட்டலை வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே ஒரு கோப்பைத் தேநீரின் விலையைச் சொல்லி விருந்தாளியின் மனமகிழ்ச்சியைக் கெடுக்கவேண்டாம்.

வாசலை ஒட்டிய படித்துறையிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் படகு புறப்படுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். திங்கட்கிழமைகளில் குகைகளுக்கு விடுமுறை. இதை அறியாமல் குழந்தை குட்டிகளோடு வந்து திரும்பும் குடும்பங்கள் வாரந்தோறும் உண்டு. படகில் கொடுக்கும் உயிர்காப்பு அங்கியை, வெயிலாக இருக்கிறது என்று சொல்லிக் கழற்றி வைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பர் 18ஆம் தேதி இதே வழியில் சென்ற படகொன்று மோதுண்டு கவிழ்ந்ததில் பலர் உயிரிழந்தனர்.

தீவில் இறங்கியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "யானை எங்கே?" என்பது. நியாயமான கேள்வி. அத்தீவின் சொந்தப் பெயர் காராபுரி. கரையருகே பாறையில் செதுக்கிய பெரிய யானையொன்றைக் கண்ட போர்ச்சுக்கீசியர் அதற்கு யானைத்தீவு என்று பொருள்படும் பெயரை இட்டனர். 1864இல் அந்தக் கல்யானையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டு, பாரந்தூக்கியில் கட்டித் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் யானை விழுந்து துண்டுதுண்டாக உடைந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு துண்டுகளை ஒட்டி நிமிர்த்தினார்கள். நிமிர்த்திய இடமோ தீவு அல்ல, நகருக்குள்ளே இருக்கும் பைகுல்லா. ஆக, யானைத்தீவில் யானை இல்லை. குரங்குகள் ஏராளம், கையிலிருக்கும் தின்பண்டப் பையை நம் அனுமதியின்றியே வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் குகைகள். மலையை வெளியிலிருந்து உள்நோக்கிக் குடைந்து, தூண்களைத் தூண்களாகவே விட்டுவைத்த அந்தச் சிற்பிகளின் கைத்திறன் வியக்கத்தக்கது. அங்குள்ள மூன்று முகச் சிற்பம் ஆறு மீட்டர் உயரத்தை நெருங்கும். உலகப் பாரம்பரியச் சின்னமாக 1987இல் யுனெஸ்கோ இத்தீவை அறிவித்தது. ஆனால் அங்கே வாழும் கிராமத்தாருக்கு மின்சாரம் கடலடிக் கம்பி வழியாக வந்துசேர்ந்தது 2018இல்தான் என்பதையும் சொல்லவேண்டும். அக்கரையில் இரவெல்லாம் ஜொலிக்கும் மும்பையை அவர்கள் எத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்களோ!

யானையைத் தேடிப் பைகுல்லாவுக்குப் போவோம். நம் ஜனங்கள் 'ராணி பாக்' என்று அழைக்கும் விலங்குக் காட்சிசாலை அங்கே உண்டு. புதன்கிழமை விடுமுறை. அதன் வாசலருகே உள்ள அருங்காட்சியகத்துப் பக்கமாக நிற்கிறது அந்த யானை. ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும்படியாகவே. தோட்டத்துக்குள் மேலும் தேடினால், வெண்கலக் குதிரையின்மேல் வீற்றிருக்கும் ஏழாம் எட்வர்டையும் காணலாம். கோட்டைப் பகுதியில் 'காலா கோடா' என்றொரு இடம் உண்டல்லவா? கறுப்புக் குதிரை என்று பொருள். அந்தக் குதிரைதான் இது! 1965இல் அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். குதிரை போய் அரை நூற்றாண்டு கடந்தும் ஜனங்கள் காலா கோடா என்றே சொல்லிக்கொண்டிருந்தபடியால், 2017இல் அவ்விடத்தில் புதிதாக ஒரு குதிரையை நிறுத்தினார்கள். இம்முறை எச்சரிக்கையாக, சவாரி செய்ய மன்னர் எவரையும் ஏற்றாமல்! நகரில் வேலை ஓய்ந்த சிலைகளுக்குப் பைகுல்லா ஒரு முதியோர் இல்லம் போலும்.

அத்தோட்டத்தில் சிறுபிள்ளைகளுக்கு யானையும் வேண்டாம், மன்னரும் வேண்டாம், பெங்குவின் போதும். 2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய எட்டு ஹம்போல்ட் பெங்குவின்களோடு தொடங்கியது இக்கூட்டம். குளிரூட்டப்பட்ட அறையில் நீந்தி விளையாடுகின்றன. மே மாதப் புழுக்கத்தில் கண்ணாடிக்கு இப்புறம் வியர்வை வழிய நிற்கும் நம்மை அவை பார்க்கும் பார்வையில் ஓர் அனுதாபம் தென்படும். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களில் குளிர்சாதன வசதியோடு வீடு கிடைத்தவை அவை மாத்திரமே என்று எங்கள் சபை வாலிபர் ஒருவர் சொன்னார்.

அடுத்தது சர்ச்கேட். தினந்தோறும் லட்சக்கணக்கானோர் இந்த ரயில் நிலையத்தில் இறங்கி ஓடுகிறார்கள். சர்ச்சையும் காணோம், கேட்டையும் காணோம் என்று அவர்களில் ஒருவரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஓடும்போது யோசிக்க இயலாது என்பதும் உண்மை. ஆங்கிலேயர் நகரைச் சுற்றிக் கோட்டை மதில் கட்டியிருந்த காலத்தில், தேவாலயத்துக்குச் செல்லும் வழியில் இருந்த வாசலுக்கு 'சர்ச் கேட்' என்று பெயர். 1860களில் மதிலை இடித்தார்கள், வாசலும் போயிற்று. அது நின்ற இடத்தில் இப்போது 1864இல் அமைத்த ஃப்ளோரா நீரூற்று நிற்கிறது. தேவாலயமோ இன்றும் இருக்கிறது. நிலையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்கவேண்டும்.

அதுவே பரிசுத்த தோமா பேராலயம். பல இடங்களைச் சுற்றிவிட்டு வருகிறவர்களுக்கு, அந்தத் தெருவின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உண்டாகும் நிசப்தம் ஒன்றே போதும். சுவரெங்கும் சலவைக்கல்லில் நினைவுப் பலகைகள். கப்பலில் வந்து, காய்ச்சலில் இறந்த இளவயதுக்காரர் பலருடைய பெயர்கள் அவற்றில் உண்டு. பிழைப்பைத் தேடி இக்கரைக்கு வந்து ஊர் திரும்பாமல் போனவர்கள் நம்மவர் மாத்திரம் அல்ல என்பதை அங்கே நின்று வாசிக்கலாம். இந்த ஆலயத்துக்கு 1676இல் வேலை தொடங்கினார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிச் சுவர்கள் எழும்பியதும் வேலை நின்றுவிட்டது. ஓரிரு ஆண்டுகள் அல்ல, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! ரிச்சர்ட் கோப் என்ற போதகர் வந்து ஜனங்களை ஏவி, பணம் சேர்த்து, 1718ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் திறந்தார். கட்டட நிதிக் காணிக்கை உறைகளைப் பற்றிச் சபையில் அறிவிப்புச் செய்யும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்பது ஆண்டுகள் நினைவுக்கு வந்து பெரிய ஆறுதலைத் தரும். நகரின் தூரங்களை அக்காலத்தில் இந்த ஆலயத்திலிருந்தே அளந்து மைல்கற்களை நட்டார்கள். மண்ணில் புதையுண்டு கிடந்த கற்கள் சிலவற்றை அண்மை ஆண்டுகளில் தேடியெடுத்துச் செப்பனிட்டிருக்கிறார்கள்.

தோபி தலாவ் என்னும் இடத்தில் வண்ணாரும் இல்லை, குளமும் இல்லை, தூர்ந்துவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

இவ்விதிக்கு நேர்மாறான இடம் ஒன்றும் உண்டு. பொருள் அப்படியே இருக்க, பெயர் மாத்திரம் மாறிக்கொண்டேயிருக்கும் இடம். நம்மில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலாகக் கால் வைத்த ரயில் நிலையம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16ஆம் தேதி போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் தூரத்திலுள்ள தாணேக்குப் புறப்பட்டது. அவ்விடத்தருகே எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் பத்தாண்டு வேலை செய்து 1888இல் முடித்த மாளிகை, அரசியின் பெயரால் விக்டோரியா டெர்மினஸ் எனப்பட்டது. 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ். 2017இல் அதனோடு 'மகராஜ்' என்பது சேர்ந்தது. நமது தாய்மார்களோ இன்றைக்கும் 'வீட்டி' என்றால்தான் ரிக்கார்டு டிக்கெட் போல வழி சொல்வார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமான இக்கட்டடத்தை அதற்குள் நின்று பார்க்க முடியாது. சாலையைக் கடந்து மாநகராட்சிக் கட்டடத்தின் பக்கமாக நின்று நிதானமாக நோக்கவேண்டும். வாசலின் இருபுறமும் சிங்கமும் புலியும் அமர்ந்திருக்கின்றன. சிங்கம் இங்கிலாந்து, புலி இந்தியா. சுவர்களில் மயில், குரங்கு, உடும்பு எனக் கல்லாலான ஜீவராசிகள். இறங்கியவுடன் கூலியாளைத் தேடி, பெட்டிகளை எண்ணி, பிள்ளைகளை எண்ணி ஓடியவர்களுக்கு இவையெல்லாம் எங்கே தெரியும்? முப்பது ஆண்டுகள் அந்நிலையத்தைப் பயன்படுத்திய சகோதரர் ஒருவரை ஒருமுறை எதிர்ப்புறம் நிறுத்திக் காட்டினேன். "இது எப்போ கட்டினாங்க, பாஸ்டர்?" என்று கேட்டார்.

விருந்தாளிகளின் பட்டியலில் வேறு சில இடங்களும் இருக்கும். அம்பானியின் 27 மாடி வீடு: வெளியே நின்று மாடிகளை எண்ணிவிட்டுத் திரும்பவேண்டியதுதான், இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். நடிகர்களுடைய வீட்டு வாசல்கள்: பூட்டிய கதவைப் படம் பிடிப்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்பது என் எண்ணம், வாலிபர் இதை ஏற்பதில்லை. மரீன் டிரைவ்: மாலையில் செல்லுங்கள், சும்மா உட்காருங்கள். எதுவும் வாங்காமல் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுந்துபோகச் சொல்லாத இடம் இந்நகரில் அது ஒன்றுதான்.

ஆனால் பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்கு நான் கட்டாயமாக அழைத்துப் போவேன். துறைமுக வழித்தடத்தில் உள்ள சேவ்ரி. பழைய கப்பல் உடைக்கும் இரைச்சலும் கரித்தூசியுமான கரை. அதற்கு அப்பால் சேறு. அந்தச் சேற்றின்மேல் இளஞ்சிவப்புக் கம்பளம் விரித்ததுபோல் பூநாரைகள்! கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நம் நாட்டார் காணும் அதே இனத்துப் பறவை. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் குளிர்காலத்தில் வந்து, மழை தொடங்குமுன் திரும்பிப் போகும். தாணே கழிமுகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் எண்ணப்பட்ட ஆண்டுகள் உண்டு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். ஏற்றம் வரவர அவை கரையை நெருங்கும். ஆகவே ஏற்ற வற்ற நேரத்தை விசாரித்துக்கொண்டு செல்வது நலம். 2024 ஜனவரியில் திறந்த 21.8 கிலோமீட்டர் நீளக் கடற்பாலம் இப்பறவைகளின் தலைக்குமேல்தான் தொடங்குகிறது. பாலத்தில் செல்கிறவர்கள் அவற்றைப் பார்க்க வண்டியை நிறுத்த முடியாது. கீழே சேற்றருகே நிற்கிற நாம் பார்க்கலாம்.

இனி, விருந்தாளிகள் கேட்காததும், நாமாகக் காட்டாததுமான இடத்துக்கு வருகிறேன். அது தாராவி.

நம்மில் அநேகருடைய தகப்பன்மாரும் பாட்டன்மாரும் முதலாவது வந்து தங்கிய இடம். தோல் பதனிடும் வேலைக்கென்று திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் புறப்பட்டு வந்தவர்கள் அங்கே குடியேறினர். அதற்கும் முன்னே அது கோலி மீனவர்களின் கிராமம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றுகிறார்கள். பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டியிருப்பதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். விடியுமுன்னே பாத்திரங்களில் இட்டிலியையும் வடையையும் அடுக்கி, மிதிவண்டியில் கட்டி, ஊதுகுழலை அமுக்கிக்கொண்டு நகரெங்கும் விற்கச் செல்லும் தமிழர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். மராட்டியரும் குஜராத்தியரும் காலைப் பசியாறுவது நம்மவர் கையால்.

உறவினர் வரும்போதோ, நம் பிள்ளைகள் தாராவி என்று சொல்லத் தயங்கி 'சயான்' என்கிறார்கள், அல்லது 'மாஹிம் பக்கம்' என்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துத் தாராவியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள்! தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி, வழிகாட்டியின் பின்னே வரிசையாகச் சந்துகளில் நடந்துபோகிறார்கள். 2019இல் வெளிநாட்டுப் பயணிகள் விரும்பும் இந்திய அனுபவங்களின் பட்டியல் ஒன்றில் இந்த நடைப்பயணம் தாஜ்மகாலையே முந்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் சபையின் மூதாட்டி ஒருவர் சந்தில் அமர்ந்து இட்டிலி அவிப்பவர். ஒருநாள் பத்துப் பேர் சுற்றி நின்று ஆவி பறக்கும் கொப்பரையை வியந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாள் என்னிடம் மெதுவாக, "ஏன் ஐயா, அவங்க ஊர்ல அடுப்பே கிடையாதா?" என்று கேட்டார். பிறகு சற்று யோசித்து, "ஒருத்தராவது ரெண்டு இட்டிலி வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம்" என்றார்.

இவ்விடத்தை நான் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுமார் அறுநூறு ஏக்கர் பரப்புள்ள தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கிற்று. வீடு வீடாக எண் எழுதப்பட்டது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்கு அத்தாட்சி உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் நகரில் வேறிடம். இதனால் நன்மை அடைவோர் உண்டு. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வரிசையில் நின்று வயதானவர்களைக் கேட்டால் தெரியும். கொப்பரையும் குயவன் சூளையும் பத்தாவது மாடிக்கு ஏறுமா என்று கேட்பவர்களும் உண்டு. பழைய ரேஷன் அட்டையையும் மின்கட்டண ரசீதையும் தேடி டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்க்காத வீடு நமது சபையாரிடையே இல்லை. எப்படியாயினும், நாம் அறிந்த தாராவியைப் பார்க்க விரும்புகிறவர்கள் விரைவில் பார்த்துக்கொள்ள வேண்டும். யானையைப்போல் பைகுல்லாவில் கொண்டுபோய் ஒட்டிவைக்கத் தக்கதல்ல அது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, "உன் தாத்தா இந்தச் சந்தில்தான் படுத்திருந்தார், இந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்" என்று காட்டுங்கள். அதற்கு வெள்ளைக்கார வழிகாட்டியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். திரும்பும்போது மறவாமல் இட்டிலி வாங்குங்கள்.

தாராவியில் ஒரு கோட்டையும் இருக்கிறது. ஆம், கோட்டைதான்! ரீவா கோட்டை. மராத்தியர் படை தாணேயைக் கைப்பற்றிய 1737ஆம் ஆண்டில், மித்தி நதிக்கரையில் பம்பாய்த் தீவின் எல்லையைக் காப்பதற்கு ஆளுநர் ஹார்ன் கட்டுவித்தது. கறுப்புக் கல்லில் சிறிய காவற்கோட்டை. ஆண்டையும் ஆளுநர் பெயரையும் பொறித்த கல்வெட்டு சுவரில் உண்டு. சுற்றிலும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். பராமரிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. அங்குள்ள பேருந்து நிறுத்தத்துக்குக் 'காலா கில்லா', அதாவது கறுப்புக் கோட்டை என்று பெயர். நம்மவர் அதை ஒரே சொல்லாக்கிக் 'காலாகில்லா' என்பார்கள். நடத்துனர் அப்பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கும்போது, காய்கறிப் பைகளோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் ஜனங்கள் இறங்குகிறார்கள். இறங்கியதும் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரிந்து வீட்டுக்கு விரைகிறார்கள். கோட்டைக்கென்று இறங்குபவரை நான் இதுவரை கண்டதில்லை.